ஐந்து சொட்டும் அறுபது முட்களும்

மேற்கு மாரெட்பள்ளியில் ஒரு குழந்தை மருத்துவரின் கிளினிக். மாலை ஆறு மணி. ஆறு வாரக் குழந்தையை மடியில் மல்லாத்திப் பிடித்திருக்கிறார் பாட்டி. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் இந்தி. போலியோ மருந்து இரண்டு சொட்டு உள்ளே போயாயிற்று. நர்ஸ் இன்னொரு குட்டிக் குப்பியை எடுக்கிறார். “ஐது சுக்கலு அம்மா, பட்டுக்கோண்டி” என்கிறார். அஞ்சு சொட்டு, பிடிச்சுக்குங்க.

“போலியோவுக்கே ரெண்டு சொட்டுதான். இது என்னத்துக்கு அஞ்சு?” பாட்டி மகளைக் கேட்கிறார்.

“லூஸ் மோஷன் வராம இருக்கும்மா.”

பாட்டிக்குச் சமாதானமாகவில்லை. “பல்லு முளைக்கறப்போ எல்லாக் குழந்தைக்கும்தான் கழியும். உனக்குக் கழியலையா? அதுக்கெல்லாம் மருந்தா?”

பாட்டி சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பல் முளைக்கும் ஆறேழு மாதத்தில் குழந்தைக்குக் கழிச்சல் வருவதைத் தமிழ்நாட்டுப் பாட்டிகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தது சரி, பழி மட்டும் பல்லின் மேல் விழுந்துவிட்டது. அந்த வயதில்தான் குழந்தை கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி தேய்வதும் அப்போதுதான். இந்தக் காலத்தில் நுழைகிற பல கிருமிகளில் மிகக் கொடுமையானது ரோட்டா வைரஸ். தடுப்பு மருந்து பரவலாவதற்கு முன் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் இதற்குப் பலியானதாகவும், ஏறத்தாழ 8,72,000 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவும் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அந்தக் குப்பியில் இருப்பது ரோட்டாவாக். மாரெட்பள்ளியிலிருந்து கார்கானா, திருமலகிரி, அல்வால், ஹக்கிம்பேட்டை வழியாகக் கரீம்நகர் சாலையைப் பிடித்தால், சுமார் 30 கிலோமீட்டரில் ஷாமீர்பேட்டைப் பக்கம் ஜீனோம் வேலி. அங்கே பாரத் பயோடெக் தயாரிக்கும் மருந்து இது. பாட்டியின் கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் அதைவிடச் சின்ன இடம் ஒன்றுக்குப் போக வேண்டும். குழந்தையின் சிறுகுடலில், ஒரே ஒரு செல்லின் வாசலுக்கு.

சக்கரத்தில் முளைத்த முட்கள்

1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், பேதியால் அவதிப்பட்ட குழந்தைகளின் முன்சிறுகுடலிலிருந்து எடுத்த திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். செல்களுக்குள் வைரஸ் துகள்கள் குவிந்து கிடந்தன. ஆரமும் பட்டையுமாக வண்டிச் சக்கரம் போன்ற வடிவம். சக்கரத்துக்கு லத்தீனில் ‘ரோட்டா’. பிரிட்டனின் தாமஸ் ஃப்ளுவெட் அந்தப் பெயரைச் சூட்டினார்.

சக்கரம் என்பது நுண்ணோக்கியில் தெரியும் தோற்றம். உண்மையில் இது மூன்று அடுக்கு உருண்டை. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறின் அகலம். நடுவில் 11 துண்டுகளாக வைரஸின் மரபுப் பொருள். அதைச் சுற்றி முதல் ஓடு, அதன்மேல் இரண்டாவது ஓடு. நம் கதையில் வருபவை வெளியே இருக்கும் இரண்டு புரதங்கள்தாம். ஒன்று விபி7. இதன் 780 பிரதிகள் மும்மூன்றாகச் சேர்ந்து மேலாடை போலப் போர்த்தியிருக்கின்றன. மற்றொன்று விபி4. மேலாடையைத் துளைத்துக்கொண்டு 60 முட்களாக நீட்டிக்கொண்டிருப்பது இது.

இந்த மேலாடையையும் முட்களையும் உரித்துவிட்டால் வைரஸ் செத்துவிடுவதில்லை. உள்ளே உள்ள இயந்திரம் அப்படியேதான் இருக்கும். ஆனால் அதனால் ஒரு செல்லுக்குள்ளும் நுழைய முடியாது. ஆய்வகத்தில் அப்படி உரித்துப் பார்த்தார்கள். பிறகு தனியாகத் தயாரித்த விபி4, விபி7 புரதங்களை அதே துகளுக்குத் திரும்பப் போர்த்தினார்கள். தொற்றும் திறன் திரும்பி வந்தது. ஆக, நுழைகிற வித்தை முழுவதும் வெளிச்சட்டையில் இருக்கிறது.

ரோட்டா வைரஸ்களின் ‘கோத்திரம்’ பார்ப்பதும் இந்த இரண்டை வைத்துத்தான். விபி7 எந்த வகை என்பதற்கு ‘ஜி’ எண், விபி4 எந்த வகை என்பதற்கு ‘பி’ எண். ஜி1பி[8] என்றால் மேலாடை முதல் வகை, முள் எட்டாவது வகை. ஜி9பி[11] என்றால் மேலாடை ஒன்பது, முள் பதினொன்று. இந்தப் பதினொன்றாம் எண் முள்ளை நினைவில் வையுங்கள். கதையின் முடிச்சு அதில் இருக்கிறது.

முள்ளைத் தீட்டிக் கொடுப்பது நாம்தான்

ரோட்டா வைரஸைக் கண்டுபிடித்த புதிதில் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. ஆய்வகத்துச் செல்களில் அது சரியாக வளர மறுத்தது. டிரிப்சின் என்ற நொதியைச் சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது.

டிரிப்சின் வெளியூர்ச் சரக்கல்ல. பருப்பு, பால், முட்டைப் புரதத்தை வெட்டிச் செரிக்கக் கணையம் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது. வைரஸின் முள் குடலுக்கு வந்து சேரும்போது மழுங்கலாக இருக்கிறது. டிரிப்சின் அதை உணவென்று நினைத்து வெட்டுகிறது. வெட்டு சரியாக ஒரு மூட்டில் விழுகிறது. விபி4 இரண்டாகிறது: நுனியில் விபி8, அடியில் விபி5. இரண்டும் பிரிந்து போய்விடுவதில்லை. ஒன்றையொன்று பற்றிக்கொண்டே நிற்கின்றன. ஆனால் முள் இப்போது விறைப்பாக எழுந்து வேலைக்குத் தயாராகிவிட்டது. சோறு செரிக்க வைத்திருக்கும் கத்தியாலேயே திருடனின் ஆயுதத்தையும் தீட்டிக் கொடுத்துவிடுகிறோம். வைரஸ் ஏன் தோலையோ நுரையீரலையோ தேடாமல் சிறுகுடலைத் தேடி வருகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

சிறுகுடலின் உட்சுவர் கம்பளம் போன்றது. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் அதன் குடலுறிஞ்சிகளின் நுனியில் முதிர்ந்த செல்கள் இருக்கின்றன. உணவையும் நீரையும் உறிஞ்சுவது அவற்றின் தொழில். ஒவ்வொரு செல்லின் மேலும் சர்க்கரை மூலக்கூறுகள் கிளை கிளையாய்த் தொங்கும். விபி8 முதலில் பிடிப்பது அந்தக் கிளைகளில் ஒன்றை. விலங்குகளைத் தாக்கும் சில ரோட்டா வகைகள் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடிக்கின்றன. மனிதர்களிடம் பரவும் பல வகைகள் ஏ, பி, ஓ ரத்த வகையைத் தீர்மானிக்கும் சர்க்கரைகளின் குடும்பத்தைச் சேர்ந்தவற்றைப் பிடிக்கின்றன.

இந்தச் சர்க்கரைக் கிளைகள் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. கிளையின் நுனியில் ஒரு சர்க்கரையைப் பூட்டுகிற மரபணு சிலருக்கு வேலை செய்வதில்லை. அவர்களிடம் பி[8] முள் கொண்ட வைரஸ்கள் அரிதாகவே தொற்றுகின்றன. ஒரே தெருவில், ஒரே தண்ணீர் குடித்து வளரும் இரண்டு குழந்தைகளில் ஒன்று மட்டும் படுத்துவிடுவதற்குப் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு இருக்கலாம்.

குடை மடங்கும் கணம்

பிடித்தாயிற்று. உள்ளே போக வேண்டுமே? கொரோனா வைரஸுக்கு இது எளிது. அதற்கு மேலே கொழுப்பு உறை உண்டு. அந்த உறையைச் செல்லின் கொழுப்புச் சவ்வோடு கலக்கவிட்டு உள்ளே நுழைந்துவிடும். ரோட்டாவுக்கு உறை கிடையாது. புரத உருண்டை ஒன்று கொழுப்புச் சுவரைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும். சோப்பு கொரோனாவைக் கரைப்பது போல ரோட்டாவைக் கரைக்காததற்கும் இந்த உறையில்லாத உடம்பே காரணம். கை கழுவினால் வைரஸ் நீரோடு அடித்துக்கொண்டு போகும். அதனால் கழுவத்தான் வேண்டும். ஆனால் நோயாளிக் குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட துகள்கள் இருக்கலாம், தொற்றுவதற்கு நூறு போதும் என்கிறபோது, எத்தனை சுத்தமான வீடும் முழுப் பாதுகாப்பாக இருக்க முடியாது. அதனால்தான் பணக்கார நாடுகளிலும் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் இது தொட்டிருக்கிறது.

கிழிக்கிற வேலை விபி5உடையது. சர்க்கரையைப் பிடித்த விபி8 விலகிக்கொள்ள, அதுவரை அதன் அடியில் ஒளிந்திருந்த விபி5இன் எண்ணெய்ப் பசை கொண்ட நுனிகள் செல்லின் சவ்வில் போய்ப் பதிகின்றன. சவ்வு வைரஸைச் சுற்றி மடங்கி, சின்னப் பை போல அதை உள்ளே இழுக்கிறது. அப்போது விபி5 தன்னைத் தலைகீழாக மடித்துக்கொள்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இதற்குச் சொல்லும் உவமை குடை. பெருங்காற்றில் குடைக் கம்பிகள் எதிர்ப்பக்கம் மடங்குமே, அந்த மாதிரி. அமெரிக்காவில் ஸ்டீபன் ஹாரிசன் குழுவினர் இந்த மடக்கத்தின் முன்வடிவத்தையும் பின்வடிவத்தையும் அணு அணுவாக வரைந்து, 2004இலும் 2021இலும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்.

இதற்கிடையில் மேலாடைக்கு ஒரு கண்டம் காத்திருக்கிறது. விபி7 மும்மூன்றாகச் சேர்ந்து நிற்பது கால்சியத்தின் பிடிப்பில். செல்லுக்கு வெளியே கால்சியம் தாராளம். செல்லுக்குள் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். விபி5 சவ்வைத் தளர்த்தியதும் பைக்குள் இருந்த கால்சியம் வெளியே கசிகிறது. பொத்தான் தெறித்த சட்டை போல விபி7 கழன்று விழுகிறது. சட்டையையும் முள்ளையும் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, ஈரடுக்கு உருண்டை செல்லுக்குள் இறங்குகிறது. அதற்குப் பிறகு அது உடைவதே இல்லை. உள்ளே இருந்தபடியே தன் மரபுக் கட்டளைகளை நகலெடுத்து வெளியே தள்ளுகிறது. செல் அந்தக் கட்டளைப்படி புது வைரஸ்களைச் செய்கிறது. செல் சாகிறது. போதாததற்கு என்எஸ்பி4 என்ற வைரஸ் புரதம் நஞ்சாக வேலை செய்து, பக்கத்துச் செல்களையும் நீரைக் கொட்ட வைக்கிறது. பாட்டி ‘கழியுது’ என்று சொல்வது இதைத்தான்.

நோகாமல் தொற்றிய வைரஸ்

1985, 86 வாக்கில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் எம்.கே.பான் குழுவினர் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். பச்சிளம் குழந்தைகளின் வார்டில் ரோட்டா வைரஸ் பரவிக்கொண்டிருந்தது. ஆனால் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாந்தி இல்லை, பேதி இல்லை. பால் குடித்துவிட்டுத் தூங்கின. அந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, பிறகு வந்த ரோட்டா பேதியும் அவர்களிடம் குறைவாக இருந்தது. அங்கே பிரித்தெடுத்த வைரஸுக்கு 116ஈ என்று பெயர். கோத்திரம் பார்த்தால் ஜி9பி[11]. மற்றதெல்லாம் மனித வைரஸ். முள் மட்டும் மாட்டு வைரஸிலிருந்து வந்தது. எப்போதோ எங்கோ இரண்டு வைரஸ்களும் ஒரே குடலில் சந்தித்துத் துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றன.

ஏன் பச்சிளம் குழந்தைகளிடம் மட்டும்? இந்த விடுகதை வேலூருக்கும் வந்தது. வேலூர் சிஎம்சியின் பச்சிளம் குழந்தைப் பிரிவில் பரவிய வகை ஜி10பி[11]. அதே பதினொன்றாம் எண் முள். டாக்டர் ககன்தீப் காங் குழுவினரும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து அந்த முள்ளின் நுனி எந்தச் சர்க்கரையைப் பிடிக்கிறது என்று தேடினார்கள். பிடித்தது, கட்டி முடிக்காத சர்க்கரை. ரத்த வகைச் சர்க்கரைகள் முழுமையடைவதற்கு முந்திய அடிச்சங்கிலி. பிறந்த குழந்தையின் குடலில் அது மலிவு. வளர வளரக் கிளைகள் மேலே கட்டப்பட்டு அது மறைகிறது. பெரியவர்களின் குடலில் பி[11] முள்ளுக்குப் பிடிமானம் கிடைக்காமல் போவதற்கு இதுவே விளக்கம்.

தாய்ப்பாலிலும் இந்த மாதிரிச் சர்க்கரைகள் ஏராளம். அவை வைரஸைத் தாங்களே பிடித்துக்கொண்டு குழந்தையைக் காப்பாற்றும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. வேலூர் வைரஸிடம் ஆய்வகத்தில் அது தலைகீழானது. சில தாய்ப்பால் சர்க்கரைகள் அந்த வைரஸின் தொற்றைக் கூட்டின. இதைக் கேட்டுத் தாய்ப்பாலைச் சந்தேகிக்க வேண்டாம். தடுப்பு மருந்து கொடுக்கும் நேரத்தையொட்டித் தாய்ப்பாலை நிறுத்திப் பார்த்த சோதனையும் டெல்லியில் நடந்தது. நிறுத்தியதால் எந்த லாபமும் இல்லை. சொட்டு விட்டவுடன் பால் கொடுக்கலாம்.

ஒரு டாலருக்கு ஒரு சொட்டு மருந்து

நோயில்லாமல் தொற்றி, பிறகு காவலும் தருகிற வைரஸ் இயற்கையாகவே கிடைத்திருக்கிறது. அதை மருந்தாக்கக் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, எய்ம்ஸ், அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள், ‘பாத்’ அமைப்பு, கேட்ஸ் அறக்கட்டளை எனப் பல கைகள் சேர்ந்தன. தயாரிக்க முன்வந்தது, திருத்தணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணா எல்லா தன் மனைவி சுசித்ரா எல்லாவுடன் 1996இல் ஹைதராபாத்தில் தொடங்கிய பாரத் பயோடெக். ஒரு டோஸ் ஒரு டாலர் என்று அவர்கள் விலை சொன்னார்கள். வெளிநாட்டு ரோட்டா மருந்துகள் அப்போது இந்தியத் தனியார் கிளினிக்குகளில் இதைப்போலப் பல மடங்கு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன.

பெரிய சோதனை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் நடந்தது. 6,799 குழந்தைகள். 2014இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: கடுமையான ரோட்டா பேதியைத் தடுப்பதில் 53.6 சதவீதத் திறன். 2015 மார்ச்சில் மருந்து அறிமுகமானது. 2016 மார்ச்சில் ஒடிசா, இமாச்சலம், ஹரியானா, ஆந்திரா நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017இல் வந்தது. மருந்து தயாராகும் தெலங்கானாவின் குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்தில் கிடைக்க 2019 ஆயிற்று. புனே சீரம் நிறுவனத்தின் ரோட்டாசில் என்ற இன்னொரு இந்திய மருந்தும் இப்போது திட்டத்தில் உண்டு.

பாதிதான் காக்குமா?

53.6 சதவீதம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. தட்டம்மைத் தடுப்பூசியோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் வேலூரிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அங்கே 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதத்துக்குள்ளேயே 56 சதவீதம் குழந்தைகளுக்கு ரோட்டா தொற்றியிருந்தது. மெக்சிகோவில் இரண்டு முறை தொற்றினாலே அடுத்து வரும் கடுமையான பேதியிலிருந்து முழுக் காவல் கிடைத்தது. வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் 79 சதவீதம்தான். அசல் வைரஸே மூன்று தடவை வந்தும் முழுக் காவல் தர முடியாத குடலில், மூன்று தடவை விடும் சொட்டு பாதிக்கு மேல் காக்கிறது.

காவலை வேறு வழியில் நிறுத்த முடியாதா என்று பார்க்காமல் இல்லை. விபி8 நுனியை மட்டும் தனியாகத் தயாரித்து ஊசியாகப் போடும் முயற்சி ஒன்று ஆப்பிரிக்காவில் இறுதிக்கட்டச் சோதனை வரை போனது. பழைய வாய்வழி மருந்தை அது மிஞ்சவில்லை என்று தெரிந்ததும் 2022இல் நிறுத்திவிட்டார்கள். கதவின் சாவியை உடம்புக்குக் காட்டினால் போதும் என்ற கணக்கு, காகிதத்தில் அழகாக இருந்தது. இன்றைக்கு உலகமெங்கும் குழந்தைகளுக்குத் தரப்படுவதெல்லாம் வாய்வழி மருந்துதான். வைரஸ் வரும் வழியிலேயே மருந்தும் போகிறது: அதே வாய், அதே டிரிப்சின், அதே குடல் செல். இதனால்தான் இது ஊசி அல்ல, சொட்டு.

மருந்தில் உள்ள முள் பி[11]; ஊரில் அதிகம் திரிவது பி[8]. ஒன்றைக் காட்டி இன்னொன்றை எப்படித் தடுப்பது? குடல் வெறும் முள்ளை மட்டும் மனப்பாடம் செய்வதில்லை. வகைக்கு வகை அதிகம் மாறாத உள்ளடுக்குப் புரதங்களையும் அடையாளம் வைத்துக்கொள்கிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம். களத்தில் அது பலித்திருக்கிறது. 9 மாநிலங்களில் 31 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. அதில் ரோட்டாவாக்கின் பலன் 54 சதவீதம். சோதனையில் சொன்ன கணக்கும் தெருவில் கண்ட கணக்கும் ஒன்றாக வந்தன.

பயமும் ஒன்று இருந்தது. 1998இல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா மருந்து, குடல் குடலுக்குள் செருகிக்கொள்ளும் கோளாறை அரிதாக உண்டாக்கியதால் அடுத்த ஆண்டே விலக்கப்பட்டது. இந்தியாவில் புது மருந்து வந்தபோது அதைத் தனியாகக் கண்காணித்தார்கள். அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை.

மீதிப் பாதிக்கு

சொட்டு போட்ட குழந்தைக்கும் பேதி வரலாம்; வேறு கிருமியாலும் வரலாம். வைரஸ் குடல் செல்களைக் கொன்றாலும், உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் உறிஞ்சும் வழி முழுதாக அடைபடுவதில்லை. அந்த வழியில்தான் ஓஆர்எஸ் வேலை செய்கிறது. பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கலந்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும்; வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. மருத்துவர் சொல்லும் துத்தநாக மருந்தை, பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டு கிடந்தால், கண் உள்ளே போனால், சிறுநீர் குறைந்தால், மலத்தில் ரத்தம் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாரெட்பள்ளியிலிருந்து சில கிலோமீட்டரில் பேகம்பேட்டை. 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் அங்கே ஒரு கொசுவை அறுத்து, அதன் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். நோய் எந்தச் சுவர் வழியாக வருகிறது என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. பேகம்பேட்டையில் கேட்டதை ஷாமீர்பேட்டையில் தொடர்ந்திருக்கிறார்கள்.

கிளினிக்கில் ஐந்து சொட்டும் உள்ளே போயாயிற்று. குழந்தை முகத்தைச் சுளித்து, நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்க்கிறது. நர்ஸ் அட்டையில் தேதி எழுதுகிறார். அடுத்தது பத்தாவது வாரம், அதற்கடுத்தது பதினான்காவது வாரம். பாட்டி விரல் விட்டு எண்ணுகிறார். மூன்றரை மாதம்.

“அப்போ பல்லு முளைக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்,” என்கிறார்.